சீமாட்டியும் சாய்பலகையும்

“இதோ, இங்கதான் சறுக்கினா” என்று குனிந்து காட்டினார் அவர். ஜீப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லரின் பின்கதவைக் கீழே இறக்கினால் அதுவே குதிரை ஏறும் சாய்பலகை. அதன் அலுமினியத் தகட்டில் ஒரு முழ நீளத்துக்குக் குளம்பு கிழித்த கோடு.

சறுக்கியது சீமாட்டி. தடை தாண்டும் போட்டிகளுக்காக அவர் மகள் பழக்கும் பழுப்புநிறப் பெண் குதிரை. போன மாதம் அவர் ஓட்டிவந்த ஜீப் நின்றதும் தலைதெறிக்க இறங்கியவள், கால் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஏற மாட்டேன் என்று ஒரே அடம்.

இரண்டு போட்டிகள் அப்படியே போயின. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குள் மைதானத்தில் இல்லாவிட்டால், அணியிலிருந்து மகள் பெயரை அடித்துவிடுவார்கள்.

“ஞாயித்துக்கிழமை கண்டிப்பா ஏறிடுவாளாப்பா?”

“ஏறாம? இருபத்தஞ்சு வருஷம் ஆம்புலன்ஸ் டிரைவரா இருந்தவன்மா நான். எத்தனை ஸ்ட்ரெச்சரைச் சறுக்காம ஏத்தியிருப்பேன்! ஒரு நோயாளிகூட என்மேல புகார் சொன்னதில்ல.”

“சொல்ற நிலைமைல இருந்தாத்தானே மாமா!” என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி, வெல்டிங் பட்டறைக்காரன். டிரில்லரும் கையுமாக உதவிக்கு வந்திருந்தான்.

முதல் நாள் தகட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மணல் கலந்த பெயின்ட் அடித்தார்கள். காய்ந்ததும் மகள் குதிரையை அழைத்து வந்தாள். ஜீப் கதவருகே நின்று, சாவிக்கொத்தை ஆட்டியபடி “வாடி ராஜாத்தி” என்றார் அவர். ராஜாத்தி நாலடி பின்னால் போனாள்.

“பெயின்ட் போதாது. ரப்பர் போடு!”

மறுநாள் வரிவரியான ரப்பர் பாய் வந்தது. அதன்மேல், குளம்பு பதிய இடம் விட்டுக் குறுக்குக் கட்டைகள். திருகாணித் தலை ஒன்றுகூடத் துருத்தாமல் பார்த்துப் பார்த்து முடுக்கினான் மைத்துனன். அடியில் தண்ணீர் இறங்காதபடி ஓரமெல்லாம் பசை. அப்புறமும் பலகை லேசாக ஆடுகிறது என்று சொல்லி, மூன்றாம் நாள் அடியில் முட்டுக்கட்டை, இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி.

ஈரக்காலோடு மேலும் கீழும் ஓடிக்காட்டினான் மைத்துனன். “இதுல வழுக்கி விழணும்னா தனியா பயிற்சி எடுக்கணும் மாமா!”

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். “பாத்ரூம் தரை வழுக்குதுன்னு ஆறு வருஷமா கத்தறேன். குதிரைக்கு மூணே நாள்ல ரப்பர் பாய்! நானும் நாலு காலோட பொறந்திருக்கலாம்.”

ஞாயிறு விடிந்தது. மகள் பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றாள். மனைவி தோளில் பையும் கையில் குடையுமாக வெளியே வந்தாள்.

“நான் கிளம்பறேன். மைதானத்துல பாப்போம்.”

“ஜீப்ல இடம் இருக்கேக்கா! ரெண்டு பஸ் மாறி எதுக்கு அலையறே?” என்றான் தம்பி.

“பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து போறதே தனி சுகம்டா” என்றவள், குதிரை ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசல் கேட்டருகே நின்றாள்.

அவர் ஜீப்பில் ஏறி ஸ்டார்ட் செய்தார். சீமாட்டி நாலு காலையும் தரையில் நட்டுக்கொண்டாள். கேரட் காட்டினார்கள். கெஞ்சினார்கள். மகள் கயிற்றைப் பிடித்தபடி மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால். கண் கலங்கிவிட்டது.

“பனி விழுந்து பாய் ஈரமா இருக்கு, அதான்!” என்று என்ஜினை அணைத்துவிட்டு, துண்டோடு ஓடிவந்தார் அவர். பலகையைத் துடைத்து முடித்து விலகி நின்றார். “தம்பி, வண்டியை ஓரடி முன்னால எடு. பலகை மட்டமா உக்காரட்டும்.”

மைத்துனன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சாவியைத் திருகக்கூட இல்லை. தடதடவென்று நாலே எட்டில் உள்ளே போய் வைக்கோலைக் கடித்தாள் சீமாட்டி.

“பாத்தியா! ஈரம்தான்! நான் சொன்னேன்ல?” குதித்தார் அவர். “நீ இறங்கு தம்பி, நேரமாச்சு. நான் பறக்க விடறேன்.”

அவர் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், மகள் கையிலிருந்த கயிற்றையும் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கீழே இறங்கிவிட்டாள் சீமாட்டி. ஒரு குளம்புகூட வழுக்கவில்லை. அந்த வகையில் பலகை பிரமாதம்.

மைத்துனன் உட்கார்ந்தான். ஏறினாள். அவர் உட்கார்ந்தார். இறங்கினாள். மறுபடி மைத்துனன் உட்கார்ந்தான். ஏறி, விட்ட இடத்திலிருந்து வைக்கோலைத் தொடர்ந்தாள். இந்தத் தடவை மகள் யோசிக்கவே இல்லை. பின்கதவைத் தூக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அவர் துண்டைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்து விழித்தார். “ஏம்மா, இவ பலகை சறுக்குதுன்னுதானே பயந்தா?”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தம்பியைப் பார்த்தாள் மனைவி. கேட்டருகிலிருந்து திரும்பி வந்தாள். பையையும் குடையையும் உள்ளே போட்டுவிட்டு, ஜீப்பின் முன்சீட்டில் ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்தாள்.

“இத்தனை வருஷமா நான் எதுக்கு பஸ்ல வந்தேன்னு நெனச்சீங்க?”