கொட்டகைக்கு அடியில்

"இதுக்குமேல ஒரு அங்குலம் தோண்டினாலும் உங்க மேல புகார் போகும்" என்று ஜேசிபியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள் ஹெஸ்டர். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

கட்டட மேலாளர் கீத் சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தார். "என்னம்மா தாயே, பொணமா?"

"இல்ல. குழி."

இடித்த மாட்டுக்கொட்டகைக்கு அடியில், மஞ்சள் களிமண்ணில், எப்போதோ தோண்டி மூடிய குழியின் அடையாளமாக ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இருந்த அந்தப் பண்ணையில் இருபத்திரண்டு வீடுகள் வரவிருந்தன. தோண்டும்போது பழங்காலத் தடயம் தெரிந்தால் வேலையை நிறுத்தி ஆராய்வது தொல்லியலாளரான ஹெஸ்டரின் பொறுப்பு.

பதினெட்டு வருடமாக அவள் யார் யாருடைய சேற்றிலோ நின்று எந்திரங்களை வேடிக்கை பார்த்திருக்கிறாள். எல்லா அறிக்கையிலும் ஒரே வரி: குறிப்பிடும்படி எதுவும் இல்லை. எழுதி எழுதி வெறுத்துப்போய், இங்கேயும் வெறும் மண்தான் என்றால் வேலையை விட்டுவிடுவதாகக் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

"எத்தன நாளு?" என்றார் கீத்.

"மூணு."

"கான்கிரீட் லாரிக்குச் சொல்லியாச்சு. நீங்க கரண்டிய வச்சுக்கிட்டு மண்ணுக்குச் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு இருங்க."

"இந்தப் பண்ணையில யாரும் தோண்டினதா எங்க ஏட்டுல ஒரு வரிகூட இல்ல, கீத். ரெண்டாயிரம் வருஷத்துக் குழியா இருக்கலாம்."

மூன்று நாளும் மழை பெய்தது. குழிக்குள் மண்டியிட்டு அவள் சுரண்டினாள். உள்ளே இருந்த மண் பொலபொலவென்று வந்தது. குழியின் சுவர் கத்தியால் சீவினதுபோல நேராக இருந்தது. அந்தக் காலத்து ஆட்களின் கைவேலை எவ்வளவு சுத்தம் என்று வியந்துகொண்டாள்.

கீத் மணிக்கொரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு பானை ஓடாவது வந்துச்சா?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். ஓட்டுநர் எந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்துத் தீர்த்தார்.

மூன்றாம் நாள் மாலை, அடிமட்டத்தில் பச்சை பூத்த வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. ஹெஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கினாள்.

"காசு" என்றாள்.

கீத்தும் கோபத்தை மறந்து குழிக்குள் இறங்கிவிட்டார். "தல தெரியுதே. யாரு?"

"ராணி."

"எந்தக் காலத்து ராணி?"

அவள் கட்டைவிரலால் துடைத்தாள். இரண்டு பென்ஸ் சில்லறை. வருடம் 1991. ஹெஸ்டர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கீத் விழுந்து விழுந்து சிரித்தார். "மாடு மேய்ச்சவன் பாக்கெட்லேருந்து விழுந்திருக்கும். விடுங்க. சுத்தி வேற ஏதாவது இருக்கும், தேடுங்க."

"இருக்காது. இது தானா விழுந்ததில்ல, வச்சது. பின்னால தோண்ட வர்றவன் ஏமாறக் கூடாதுன்னு அந்த வருஷத்துக் காசு ஒண்ண அடியில வச்சு மூடுவாங்க."

"யாரு வைப்பா?"

"தோண்டி முடிச்சதும் எங்க தொல்லியல் ஆளுங்கதான்."