இரண்டாவது அளவு

"பொடியன் எவ்வளவு வளர்ந்திருக்கான்னு அளந்து வைடா, விஞ்ஞானி. நான் மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்."

ஸ்கேன் ஃபிலிம் இருந்த உறையை அவன் மடியில் போட்டுவிட்டு மனைவி போனாள்.

வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு அவன் ஸ்கேன் சென்டருக்குள் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மட்டும் அவனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொடியன் முதலில் வானத்தில்தான் இருந்தான். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் வேலை. எங்கோ ஒரு கேலக்ஸியின் நடுவில் இப்போதுதான் கண் விழித்து ரேடியோ அலைகளை வீசத் தொடங்கிய ஒன்று அது. படத்தில் இரண்டே பொட்டுகள். சில வருட இடைவெளியில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொட்டுகள் விலகியிருப்பது தெரியும். விலகிய வேகம் வயதைச் சொல்லிவிடும்.

வயிற்றில் இருந்ததற்கும் அவள் அதே பெயரை வைத்துவிட்டாள்.

வானத்தில் இந்த மாதிரிக் குட்டிகள் ஏராளம். வளர்ந்து ஆளானவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கே என்று யாராவது கேட்டால் அவள் கையை விரிப்பாள். பாதி வழியிலேயே அணைந்துபோகின்றன.

அவர்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் அளந்தவர் வாய் திறக்கக் கூடாது. விடை தெரியாத இன்னொருவர் புதிதாக அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்புவார்கள்.

போன மாத ஃபிலிமும் உறைக்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

கருவின் மேல் கரு அச்சாக உட்கார்ந்தது.

அளவுகோலை மாற்றியிருப்பார்கள் என்று ஓரத்தைப் பார்த்தான். மாற்றவில்லை.

யாருடைய படத்தையோ கொடுத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்தான். அவள் பெயர்தான்.

சரி, தான்தான் ஒழுங்காகப் பொருத்தவில்லை. விளிம்பை நகர்த்தப் போன விரல் நின்றுவிட்டது.

இரண்டு ஃபிலிம்களின் மூலைகளிலும் பொடிப்பொடியாகக் கூட்டல் குறிகள். புருவப் பென்சிலால் போட்டவை. எந்தப் படத்தையும் ஒப்பிடும் முன் அவள் போடும் குறிகள்.

எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருந்தன.

கதவு திறந்தது. ஈர முகத்தோடு வந்து எதிரில் நின்றாள். எதுவும் கேட்கவில்லை.

அவன் வேறு விடை சொல்வான் என்று காத்திருந்தாள்.