தெரியவந்த தேதி

“நோயைத் தப்பாச் சொல்லியிருக்காங்கன்னு உங்களுக்கு என்னிக்குத் தெரியவந்துது?” என்று வக்கீல் கேட்டார்.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி. மடியில் டாக்டர் சீட்டுகள் வைத்த பை. இந்த வழக்கே அவள் பிடிவாதம்தான்.

அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. கணிப்பு தப்பிப்போனது என்பதற்காக மட்டும் ஒரு டாக்டர்மேல் வழக்குப் போட முடியாதாம். எவருக்கும் தப்பலாம். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சொல்லியிருந்தால்தான் நிற்குமாம்.

எங்கள் டாக்டர் பார்க்கவில்லை. இரண்டு காதும் மந்தமாகிவிட்டது என்று போனவனை, உள்ளே விளக்கடித்துக்கூடப் பார்க்காமல், நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி திரும்பாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருஷம் செவிடனாக இருந்தேன். பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சி இரண்டு உருண்டை அழுக்கை வெளியே எடுத்தார். வியாதி அவ்வளவுதான்.

வக்கீலுக்கு ஒரே உற்சாகம். ஆனால் தப்பு தெரியவந்த நாளிலிருந்துதான் வழக்குப் போடுவதற்கான கெடு ஓடும், அதனால் தேதி சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

அந்தத் தேதியில்தான் வில்லங்கம்.

வீட்டில் நான் சொன்ன கணக்குப்படி, காது திறந்து ஒரு வாரம். உண்மையில் நாலு மாதம்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. நான் தையல்காரன். அவளும் நானும் ஒரே கடையில்தான் வேலை செய்கிறோம். காது திறந்து கடைக்குத் திரும்பினால் ஒரே கூட்டம். ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நேரமே வாய்க்கவில்லை. மறுநாள் நான் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு, பட்டன் தைத்தபடியே, “என் ராசா, இன்னும் எத்தனை நேரம்தான் சாப்பிடாம குனிஞ்சே இருப்பே?” என்றாள்.

இருபத்தாறு வருஷமாக என்னை ‘இந்தாங்க’ என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

அதற்கப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

தினமும் கேட்டேன். காலரைக் கோணலாக வெட்டிவிட்டு அதுதான் இப்போது ஃபேஷன் என்று சாதிக்கும் புளுகு மூட்டையாம் நான். ஆனாலும் என் கை பட்ட சட்டைதான் சட்டையாம். மகள் புருஷன் வீட்டுக்குப் போன அன்று துணி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அழுதேனே, அதைப் பார்த்தாளாம். ஊரே எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தது. நானோ சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் கடைப் போன் அடித்தது. பழக்கதோஷம், எடுத்து ஹலோ என்றுவிட்டேன். நேற்றுதான் சரியாயிற்று என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன். உடனே வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இப்போது உண்மையான தேதியைச் சொன்னால், நாலு மாதம் அவள் பேச்சை ஒட்டுக்கேட்டவன் ஆகிவிடுவேன். கூனிக் குறுகிப்போவாள். இனி என் பக்கம் திரும்பி இரண்டு வார்த்தை பேசவே யோசிப்பாள். வழக்கு தோற்றால் போகட்டும், அதை என்னால் தாங்க முடியாது.

போன வாரம்தான் என்று இழுத்தேன். வக்கீல் எழுதப் போனார்.

“அது இல்லீங்க சார்,” என்று குறுக்கிட்டாள் என் மனைவி. “மார்ச் பதினாலு, வெள்ளிக்கிழமை. கடைக்குள்ள வந்ததும் வராததுமா, மெஷின் கிறீச்சுங்குதுன்னு எண்ணெய் விட்டாரு. காது கேக்காத மனுசனுக்குக் கிறீச்சு எப்படி சார் கேக்கும்?”

வக்கீல் தேதியை எழுதிக்கொண்டார். நான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

என் ராசா என்று அவள் முதன்முதலாகச் சொன்னது சனிக்கிழமை.