கருகிய வளையங்கள்

“இவர் பொய் சொல்றார் சார்.”

சொன்னது எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை. மெக்கானிக்கின் சொந்த மனைவி.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறை அது. காப்புரிமை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

விஷயம் ஒரு கையகல வளையம்தான். மோட்டாருக்குள் சுழலாமல் நிற்கும் பகுதிக்கு ஸ்டேட்டர் என்று பெயர். அதில் சுற்றிய செம்புக் கம்பிகளின் நுனிகளை ஈயம் வைத்து ஒட்டுவார்கள். சூட்டிலும் அதிர்விலும் ஒட்டு விட்டுப்போகும், மோட்டார் புகையும். மெக்கானிக், ஈயமே இல்லாமல் நுனிகளைக் கவ்விப் பிடிக்கும் வளையம் ஒன்றைச் செய்திருந்தார். கம்பியைக் கவ்வும் அதன் செம்பு நாக்குகளில் வெளிப்பக்கமாக ஒரு சின்ன வளைவு. எவ்வளவு சூடேறினாலும் வளைவு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், பிடி விடாது.

காப்புரிமை கிடைத்தால் வளையம் அவருடையது. கிடைக்காவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் மோட்டார் கம்பெனி நாளைக்கே அதை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளும். அப்புறம் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அவருடைய வைண்டிங் கடையை யார் தேடி வருவார்கள்?

கம்பெனி வக்கீல் காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

“வளையம் பழசு சார். வளைஞ்ச தகடும் பழசு. ரெண்டையும் சேர்த்தா இது. இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் தானா தோணியிருக்கும். இதுக்குப் போய் காப்புரிமையா?”

“நான் முடிவு பண்ண வேண்டியதும் அது ஒண்ணுதான்” என்றார் அதிகாரி. “சுலபமா தோணியிருக்குமா, தோணியிருக்காதா?”

ஆனால் மெக்கானிக்கைப் பயமுறுத்தியது வக்கீல் இல்லை. வக்கீலின் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர். கம்பெனியின் தலைமை இன்ஜினியர். காலையில் மெக்கானிக் வைத்த வணக்கத்துக்கு அவர் பதில் வணக்கம்கூட வைக்கவில்லை. மேசைமேல் இருந்த வளையத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆள் வாயைத் திறந்தா நாம காலி” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார் மெக்கானிக்.

“அவர் கிடக்கட்டும். நீங்க ஒழுங்கா வாயைத் திறங்க.”

அதிகாரி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “இது உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பதிலை ஒத்திகை பார்த்திருந்தார். தட்டுத் தடுமாறிச் செய்ததைச் சொன்னால் படித்தவர்கள் மதிப்பார்களா?

“பார்த்த உடனே தோணிடுச்சு சார். எனக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.”

வக்கீலின் முகம் பல்ப் போட்ட மாதிரி ஆனது. “அவரே சொல்லிட்டார் சார்! பார்த்த உடனே தோணுமாம். தயவுசெஞ்சு அப்படியே குறிச்சுக்கோங்க.”

அதிகாரியின் பேனா தாளைத் தொட்டது. எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை.

அப்போதுதான் மனைவி எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“நீங்க யாரும்மா?” என்றார் அதிகாரி.

“இவர் சம்சாரம் சார். கடையில கம்பி சுத்துறது நான்தான்.”

சொல்லிக்கொண்டே துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். கடகடவென்று வளையங்கள் கொட்டின. கருகியவை, உருகியவை, நாக்கு ஒடிந்தவை. மெக்கானிக் குப்பையில் போடச் சொன்ன அத்தனையும்!

“இது உருகிப் போனது. இதால தெரு முழுக்கக் கரண்ட் போச்சு. இதைப் போட்ட மோட்டார் எரிஞ்சு, அந்தக் கஸ்டமர் வாசல்ல நின்னு இவரைக் கேட்ட கேள்வி இருக்கே, நாக்கைப் பிடுங்கிக்கலாம். ரெண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சார் சார். பார்த்த உடனே தோணிச்சாம்!”

“இதையெல்லாம் எதுக்கு வெச்சிருந்தே?” பல்லைக் கடித்தார் மெக்கானிக்.

“சண்டை வந்தா எடுத்துக் காட்ட வேணாமா?”

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். “சார், ஒரு சின்னக் கடைக்காரர் ரெண்டு வருஷம் திணறினார்னா அது அவரோட லட்சணம். எங்க இன்ஜினியர்களுக்கு இது அரை நாள் வேலை. சந்தேகமா இருந்தா இவரையே கேளுங்க.”

எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள்.

தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது மெக்கானிக்குக்கு. ஊர் சிரிக்க வைத்துவிட்டாளே! இனி அந்த மனிதர் சொல்ல ஒரு வார்த்தைதான் பாக்கி.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். குவியலைக் கிளறி ஒரு வளையத்தை எடுத்தார். அதிலும் வளைவு இருந்தது, ஆனால் உள்பக்கமாக. நாக்கின் நுனி கருகியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொல்லுங்க சார், அரை நாள்தானே?” என்று வக்கீல் அடி எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் அவர் பக்கமே திரும்பவில்லை. காலையில் வைக்காத வணக்கத்தை மெக்கானிக்குக்கு இப்போது வைத்தார். கருகிய வளையத்தை அதிகாரியின் முன் மெல்ல வைத்தார்.

“எங்க கம்பெனி இன்ஜினியர்கள் முப்பது பேரும் இது வரைக்கும்தான் சார் வந்தோம். வளைவை வெளிப்பக்கமாத் திருப்பணும்னு எங்க யாருக்கும் தோணலை.”