மூக்கொழுகிக் கிழவிக்கு ஒரு முத்தம்

“நானும் முதல் தடவைதான்” என்று சொல்லிவிட்டாள் நெதா.

வாய் தவறி வந்ததல்ல. தெரிந்தே சொன்ன பொய்.

மலையேறிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது.

“அட சக்கை! புதுப்பொண்ணும் கிழவிக்கு முத்தம் குடுக்கணுமா?” என்றாள் நாத்தனார் ஸ்தோயா. “மூக்கைப் பிடிச்சுக்கோ நெதா. சளி தொண்டை வரைக்கும் போகும்.”

கிழவி என்றால் கல்.

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஆளுயரத்துக்கு நிற்கிறாள். யாரும் செதுக்கவில்லை. மூக்கும் முகவாயுமாகத் தானாகவே அமைந்த முகம். எந்தக் கோடையிலும் அந்த மூக்கிலிருந்து ஊற்றுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மழை அவள் கையில் இருக்கிறது என்று ஊரே கும்பிடும். கும்பிட்டுக்கொண்டே மூக்கொழுகி என்றும் கூப்பிடும். அவளும் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உச்சியில் இடிக்கடவுள் பெரூனுக்குத் தீ வளர்க்கும் நாள் இது. முதல் தடவை ஏறுகிறவர்கள் கிழவியின் வாயில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போகலாம். ஏற்கெனவே கொடுத்தவர்கள் அதுவரை பாறைத் திருப்பத்திலேயே நிற்க வேண்டும். கூடப் போகக்கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது.

இந்த வருஷம் முதல் தடவைக்காரி ஒரே ஒருத்திதான். ஏழு வயது ஸோரா.

நெதாவுடைய கணவனின் மூத்த தாரத்துப் பெண்.

“நீ போயிட்டு வர்ற வரைக்கும் நான் திருப்பத்துல நின்னு பாடிக்கிட்டே இருப்பேன். என் குரலக் கேட்டுக்கிட்டே போ” என்று பெற்றவள் சொல்லி வைத்திருந்தாளாம். போன பனிக்காலத்தில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

நெதா இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். பிள்ளை அவளைத் தொட்டதில்லை. சித்தி என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பசித்தால், “ரொட்டி வேணும்” என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லும்.

இன்று காலையிலிருந்து அதன் உதடு வெளுத்துக் கிடந்தது. பயமாக இருக்கிறது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தனை ரோஷம்.

அதைத் தனியாக அனுப்பிவிட்டுத் திருப்பத்தில் எப்படி நிற்பது? அதனால்தான் அந்தப் பொய்.

நெதா ஏழு வயதிலேயே கிழவியை முத்தமிட்டவள். மலைக்கு அந்தப் பக்கம், பெரியம்மா வீட்டில் இருந்த வருஷம். இந்தப் பக்கத்தில் அது யாருக்கும் தெரியாது.

“சரி, ரெண்டு பேரும் போங்க” என்றாள் ஸ்தோயா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் சொல்வதை இவர்களுக்கும் சொன்னாள். “ஆயுசுக்கும் ஒரே முத்தம்தான். ரெண்டாவது குடுத்தவ மடியில பிள்ளை தங்காது. ஞாபகம் இருக்கட்டும்.”

நெதா தலையாட்டினாள்.

அவளுக்கு நாள் தள்ளிப்போய் இருபது நாள் ஆகிறது. புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

திருப்பத்தைத் தாண்டியதும் பேச்சும் சிரிப்பும் பின்னால் தங்கிவிட்டன. யாரும் பாடவில்லை.

கிழவி நின்றாள். முகமெல்லாம் பாசி. மூக்கு சொட்டியது.

ஸோராவுக்குக் கால் எழவில்லை.

நெதா முன்னே போனாள். மனசுக்குள் கிழவியிடம் கேட்டாள். தாயே, வயிற்றில் இருப்பதும் பிள்ளை, பின்னால் நிற்பதும் பிள்ளை. எதை விடச் சொல்கிறாய்?

கிழவியின் வாயோரத்தில் உதட்டை வைத்தாள்.

அன்றைக்கு இருந்த அதே சில்லிப்பு.

“அவ்வளவுதான். வெறும் தண்ணி. வா. வலப்பக்கம் பாசிக்கு அடியில ஒரு குழி இருக்கும். அதுல கால வச்சு ஏறினா எட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸோரா பாசியை விலக்கினாள்.

குழி இருந்தது. சின்னப் பிள்ளையின் கால் மட்டுமே நுழையும் குழி.

அதைப் பார்த்தாள். நெதாவின் பெரிய கால்களைப் பார்த்தாள். அப்புறம் நெதாவின் முகத்தைப் பார்த்தாள். நெதா கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை குழியில் கால் வைத்து ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிழவியின் வாயின் மறு ஓரத்தில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தது.

இறங்கவில்லை.

சட்டைக்கையை இழுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டது. நெதா முத்தமிட்ட ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்தது.

தன்னுடைய ஓரத்தைத் தொடவில்லை. நெதாவுடையதை மட்டும். மேலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பாசி உரிய, விடாமல் தேய்த்தது.

கடைசியில் கீழே குதித்து, அதே ஈரச் சட்டைக்கையோடு நெதாவின் முன்னால் வந்து நின்றது.

நெதா குனிந்தாள்.

பிள்ளை அவள் உதட்டையும் அழுத்தித் துடைத்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தக் கை அவள் மேல் பட்டது.

“போலாம்” என்றது.

திருப்பத்தில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தோயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னடி ஸோரா, அழுதியா?” என்றாள்.

“நான் ஒண்ணும் அழல அத்தை.”

ஸோரா நெதாவின் விரல்களை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“சித்திதான் ரொம்பப் பயந்துட்டாங்க. முதல் தடவை இல்லையா?”