பாறையில் இருந்த சொல்

காட்டுக்குச் சட்டம் எழுதிய நாளின் ஆண்டு விழா நெருங்கியது. விழாவில் ஒப்பிப்பதற்காக, கிளி டீச்சர் அணிலுக்கும் மயிலுக்கும் சட்டத்தின் முதல் வரியைச் சொல்லிக்கொடுத்தாள்.

"யாரும் சுருதி விலகக் கூடாது," என்று அணிலை மிரட்டியது மயில். இரண்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லின: "இந்தக் காட்டின் உயிர்களாகிய நாங்கள்…"

வேலிக்கு வெளியே, பஞ்சம் பிழைக்க வந்த கழுதை ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. "நாங்கள்னா அதுல நான் சேர்த்தி இல்ல. அடுத்த காட்டைப் பார்க்க வேண்டியதுதான்," என்று திரும்பியது.

"கொஞ்சம் நில்லுங்க!" என்றாள் டீச்சர். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சட்டத்தைச் செதுக்கிய பாறைக்குப் பறந்துபோய்ப் பார்த்தாள். அங்கே 'நாங்கள்' இல்லை, 'நாம்' என்று இருந்தது. இத்தனை வருஷமும் பாறையைப் பார்க்காமலே பாடம் நடத்தியிருக்கிறாள்!

"தப்பு என்னோடது, பிள்ளைங்களா," என்றாள் திரும்பி வந்து. அவள் குரலில் வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. "எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

"இந்தக் காட்டின் உயிர்களாகிய நாம்!"

அந்த 'நாம்' கழுதையின் குரலில்தான் ஓங்கிக் கேட்டது. சுருதி எங்கேயோ போய்விட்டது.

"இன்னொரு தடவை சொல்லலாம், டீச்சர்," என்றது மயில்.