கையில் இல்லாததை விற்றவன்

தாய்மார்களே, சற்று முடிச்சூர் வரை வாருங்கள்! பட்டப்பகலில் நடக்கும் ஓர் அநியாயத்தை உங்கள் கண்களாலேயே பாருங்கள். கட்டிய மனைவி எதிரில் நிற்க, தனக்குச் சொந்தமே இல்லாத ஒன்றைச் சுகுமார் விற்றுக்கொண்டிருக்கிறான். அவள் தடுக்கவில்லை. தடுத்துப் பழகிய குலமா நம் பெண்குலம்?

"இன்னைக்கு எதை விக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள் வேதா.

"பம்பு செட் கம்பெனி. ஓவரா ஏறிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள தொபுக்கடீர்னு விழும் பாரு."

பங்குச் சந்தையில், கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்பது. விலை விழுந்ததும் மலிவாக வாங்கி ஈடுகட்டுவது. நடுவில் நிற்பதை லாபமென்று எடுத்துக்கொள்வது. ஒரகடத்துத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு அவன் கைக்கொண்ட தொழில் இதுதான். விழ வேண்டிய விலை ஏறிவிட்டால், ஏறிய விலைக்கே வாங்கித் தீர வேண்டும். அவனுக்குப் பெரும்பாலும் ஏறியது.

ஆனால் அவன் பிழைகளிலிருந்து கற்பவன். நஷ்டத்துக்கு எல்லை குறிக்காமல் விற்றது பிழை என்று முதலில் தெளிந்தான். அடுத்து, இந்த விலையைத் தொட்டால் நஷ்டத்தோடு விலகிவிடுவது என்று எல்லை குறித்தான். விலை அதை நெருங்கியதும் தன் கையாலேயே அதை மேலே நகர்த்தி வைத்தான். நகர்த்தியதும் பிழையே என்று பிறகு தெளிந்தான்.

ஒவ்வொரு பாடத்தையும் மாலையில் வேதாவிடம் ஒப்பித்தான். அவளும் பொறுமையாகக் கேட்டாள். அவன் கணக்கில் பணம் கரைந்தபோதும் பால்காரருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பாக்கி விழவில்லை. மனைவியின் சிக்கனத்தை அவன் மனத்துக்குள் மெச்சிக்கொண்டான்.

"இன்னைக்கும் போச்சுன்னா விட்டுடறேன் வேதா. சத்தியமா. ஒரகடத்துக்கே திரும்பிப் போயிடறேன்."

"அய்யய்யோ, அவசரப்பட்டு சத்தியமெல்லாம் பண்ணாதீங்க!"

தன்மேல் இவளுக்கு இத்தனை நம்பிக்கையா என்று சுகுமார் பூரித்துப்போனான். வேதா கைப்பேசியோடு பால்கனிக்குப் போனாள்.

நண்பகலுக்குள் பம்பு செட் கம்பெனி ஏறத் தொடங்கியது. நின்று நிதானமாக ஏறி, குறித்த எல்லையைத் தொட்டது. இம்முறை சுகுமாரின் கை அசையவில்லை. ஒழுங்காகத் தோற்பது எப்படி என்பதை ஒருவாறு கற்றுவிட்டான்.

கணினியை மூடினான். பழைய மேற்பார்வையாளரை அழைத்தான்.

"சத்யநாராயணன் சார், நான் சுகுமார். எந்த ஷிப்ட்னாலும் பரவால்ல சார்."

"நீ திரும்பி வருவேன்னு அன்னைக்கே சொன்னேனேப்பா. திங்கக்கிழமை வந்துடு. ஷூ எடுத்துட்டு வா, இங்க ஸ்டாக் இல்ல."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வேதாவின் முகம் வெளிறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தடதடவென்று படியிறங்கி ஓடினாள். அழத்தான் ஓடுகிறாள் என்று சுகுமார் தலைகுனிந்தான்.

தாய்மார்களே, ஒரு பெண்ணை இப்படி ஓட வைத்த கொடுமையை இன்னும் எத்தனை காலம் சகிப்பது? ஒருத்திக்கு நேர்ந்ததை ஊரே திரண்டு வந்து தட்டிக்கேட்க வேண்டாமா? எழுங்கள்! படியேறிச் சென்று அவனைக் கேளுங்கள்!

கேட்டார்கள். வேதாவை முன்னிறுத்தி அந்தக் குடியிருப்பின் நான்கு வீட்டுப் பெண்கள் படியேறி வந்து வாசலை அடைத்து நின்றார்கள். கரண்டியைக் கூடக் கீழே வைக்க மறந்து வந்திருந்த கீழ்வீட்டுச் சாஜிதா, மூச்சு வாங்க முன்னால் வந்தாள்.

"அண்ணா, வேலைக்கு மட்டும் போயிடாதீங்க! நீங்க எதை விக்கிறீங்களோ, தெனம் அதைத்தான் வேதாக்காவோட சேத்து நாங்க அஞ்சு வூடும் வாங்கினு இருக்கோம்!"